பெற்றோர் உள்ளே வரக் கூடாது

இரும்புக் கதவைச் சாத்திய பிறகுதான் பிரேக் வாத்தியாருக்குத் தன் கையில் இருப்பது மகளுடைய மூக்குக் கண்ணாடி என்று உறைத்தது.

துடைத்துக் கொடுக்கிறேன் என்று அவரேதான் அவள் முகத்திலிருந்து கழற்றி வாங்கினார். சட்டை நுனியால் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு புள்ளி மிச்சம் இருந்தது. வாயால் ஊதி மறுபடி துடைத்தார். அதற்குள் மணி அடித்து, பிள்ளைகளை எல்லாம் வரிசையாக உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அது அரசு மருத்துவக் கல்லூரி. உள்ளே நேர்முகத் தேர்வு. கதவில் கொட்டை எழுத்தில் ஒரு பலகை: 'பெற்றோர் உள்ளே வரக் கூடாது. மீறினால் நடவடிக்கை எடுக்கப்படும்.'

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சி வண்டியில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காருகிறவர் காலடியில் இன்னொரு பிரேக். எதிரே நாய் வருவதை ஓட்டுகிறவர் பார்ப்பதற்கு முன்பே, ஏன், அந்த நாயே யோசிப்பதற்கு முன்பே, இவர் மிதித்துவிடுவார். அதனால் வந்த பெயர். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் அந்த வலது கால் சும்மா இருக்காது. மகள் மாடிப்படியில் தடதடவென்று இறங்கினால் கூடத்தில் உட்கார்ந்திருக்கும் வாத்தியாரின் கால் தரையை அழுத்தும்.

போன வருஷமும் அவள் இதே கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். 'நான் ஏன் மருத்துவராக விரும்புகிறேன்' என்று சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அவள் எழுதியது வாத்தியாருக்குச் சப்பென்று பட்டது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, மூன்று வயதிலேயே அவள் கால் ஒடிந்த ஒரு காக்கைக்குக் கட்டுப் போட்டதாக ஒரு பத்தியைச் சேர்த்து அனுப்பிவிட்டார். நேர்முகத் தேர்வில் முதல் கேள்வியே அந்தக் காக்கையைப் பற்றித்தான்.

"எந்தக் காக்கா சார்?" என்று கேட்டிருக்கிறாள் மகள்.

இடம் கிடைக்கவில்லை. ஒருவருக்கு இரண்டு முறைதான் வாய்ப்பு. இது இரண்டாவது. இதுவும் கை நழுவினால் அவ்வளவுதான். ஒரு பயிற்சி வண்டியும் ஒரு தையல் மெஷினும் ஓட்டுகிற குடும்பத்துக்குத் தனியார் கல்லூரியின் வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாது.

தையல் மெஷின் அவர் மனைவியுடையது. காலையில் கிளம்பும்போதே வாசலில் நின்று சொல்லிவிட்டார். "குழந்தைய கொண்டுபோய் விட்டுட்டு வெளிய நில்லுங்க. அந்தக் கதவத் தாண்டி ஒரு அடி வச்சீங்க, அப்புறம் இந்தக் கதவத் தாண்டி உள்ள வராதீங்க."

"நான் ஏன் போகப் போறேன்?" என்றார் வாத்தியார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

இப்போது கண்ணாடியை வைத்துக்கொண்டு கதவருகே நின்றபோது, பக்கத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். மூன்றாவது பிள்ளைக்காக வந்திருப்பவர். இந்த விஷயத்தில் கரை கண்டவர்.

"மார்க் மட்டும் இருந்தா போதாது சார். மனுஷங்ககிட்ட எப்படிப் பேசுறாங்கன்னு பார்ப்பாங்க. ஒருத்தர நோயாளி மாதிரி நடிக்கச் சொல்லி உக்கார வச்சிருப்பாங்க. பிள்ளைங்க ஒவ்வொருத்தரா போய் அவர்கிட்ட பேசணும். மூலைல ஒரு பேராசிரியர் உக்காந்து மார்க் போடுவார். என்ன பேசணும்னு அறை வாசல்ல ஒட்டியிருப்பாங்க, அதப் படிச்சுட்டுத்தான் உள்ள போகணும்."

"படிக்கணுமா?" வாத்தியார் கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். "பொடி எழுத்தா இருக்குமோ?"

"பொடிதான்."

"பெத்தவங்க தெரியாம உள்ள போயிட்டா என்ன நடவடிக்கை எடுப்பாங்க?"

"இதென்ன கேள்வி? பிள்ளையோட விண்ணப்பத்தைக் கிழிச்சுக் குப்பைல போட்டுருவாங்க."

வாத்தியார் காவலாளியிடம் போனார். பெரிய மீசை, கையில் தடி. "ஐயா, இந்தக் கண்ணாடிய மட்டும் உள்ள குடுத்துடுறீங்களா? என் பொண்ணுக்கு இது இல்லாம எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி தெரியும்."

"நான் கதவ விட்டு நகரக் கூடாது சார். உத்தரவு," என்றார் காவலாளி.

சொல்லிவிட்டு அவரை மேலும் கீழும் ஒரு தரம் பார்த்தார். பிறகு, "தண்ணி குடிச்சுட்டு வந்துடுறேன்," என்று பக்கத்து அறைக்குள் போய்விட்டார். பெரிய கதவில் இருந்த சின்னக் கதவு ஒருக்களித்துத் திறந்து கிடந்தது.

இப்படி ஒரு அசமந்தத்தை நம்பி ஒரு கல்லூரியே நடக்கிறதே என்று வாத்தியார் நொந்துகொண்டார். நொந்துகொண்டே உள்ளே நுழைந்துவிட்டார்.

நீளமான நடை. பினாயில் வாசனை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் எலும்புக்கூடு நின்றுகொண்டு, நீ வருவாய் என்று எனக்குத் தெரியும் என்கிற மாதிரி சிரித்தது. வாத்தியார் கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டு, அதன்மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, சுவரோரமாக நடந்தார்.

"நில்லுங்க. யாரு நீங்க?"

கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் அம்மா எதிரே நின்றார்.

"நான் வந்து..."

"நோயாளியா நடிக்க வந்தவர் நீங்கதானே? எவ்வளவு நேரமா தேடுறேன்."

வாத்தியார் மனசுக்குள் வேகமாகக் கணக்குப் போட்டார். இல்லை என்றால், பிறகு யார் என்ற கேள்வி வரும். யார் என்று சொன்னால் குப்பைக்கூடை.

"ஆமாம்மா. நான்தான்."

"நல்லது. ரொம்பச் சுலபம். போன வாரம் உங்களுக்கு வலிப்பு வந்துச்சு. நீங்க பார்க்கற வேலைய கொஞ்ச மாசம் நிறுத்தணும்னு டாக்டர் சொல்லுவாங்க. நீங்க ஒத்துக்கக் கூடாது. யாரு என்ன சொன்னாலும் பிடிச்ச பிடிய விடக் கூடாது. எல்லாம் எனக்குத் தெரியும்னு பேசணும். முடியுமா?"

"முயற்சி பண்றேன்மா," என்றார் வாத்தியார் அடக்கமாக. "என்ன வேலைன்னு சொல்லட்டும்?"

"உங்களுக்கு எது வருமோ அதையே சொல்லுங்க. வீட்டுல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருங்க. அது போதும்."

அவரை ஓர் அறைக்குள் விட்டார்கள். இரண்டு நாற்காலி, ஒரு கட்டில், ஒரு பச்சைத் திரை. ஒரு மேசைமேல் பஞ்சும் கட்டுத் துணியும் வைத்த தட்டு. மூலையில் தலை நரைத்த பேராசிரியர் ஒருவர் பேனாவும் தாளுமாக உட்கார்ந்திருந்தார். வாத்தியாரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

முதல் பிள்ளை வந்தான். நெடுநெடுவென்று வளர்ந்தவன்.

"வணக்கம் ஐயா. தங்கள் நிலைமையை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன்."

"என்ன புரிஞ்சுது?"

அந்தக் கேள்வி அவன் படித்த பயிற்சி நிலையத்தில் சொல்லித்தரப்படவில்லை.

"நான் கார் ஓட்டக் கத்துக்குடுக்கறவன்," என்றார் வாத்தியார். "வண்டிய நிறுத்துன்னா என்ன அர்த்தம்? நாளைக்கு ஒரு அம்மாவுக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருக்கு. ரிவர்ஸ்ல சுவரத் தவிர வேற எங்கயும் போக மாட்டேங்குது. நான் இல்லேன்னா அந்தச் சுவத்த யாரு காப்பாத்துவா?"

"தங்கள் நிலைமையை நான் முழுமையாக..." என்று பையன் மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். மணி அடிக்கும்வரை அதையே சொன்னான்.

அடுத்து ஒரு பெண். வாத்தியார் இரண்டு தரம் முடியாது என்றதுமே அவள் கண்ணில் மளமளவென்று நீர் கொட்டிவிட்டது. வாத்தியார் பதறிப்போனார். பச்சைத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார், கைக்குட்டை கொடுத்தார்.

"அழாதம்மா. பதட்டப்படாத. முதல்ல நியூட்ரலுக்கு வா. மூச்ச இழுத்து விடு. இப்ப மறுபடி முதல் கியர்லேர்ந்து ஆரம்பி. நான் என்ன சொன்னேன்? முடியாதுன்னேன். ஏன் முடியாதுன்னு என்னைக் கேளு."

"ஏன் முடியாது சார்?" என்று அவள் விசும்பலோடு கேட்டாள்.

"சபாஷ். அப்படிக் கேக்கணும்."

மூலையில் பேராசிரியர் இருமினார். தான் நோயாளி என்பது வாத்தியாருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "முடியாதுன்னா முடியாது," என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

மூன்றாவதாக வந்தவன் ரொம்ப நல்ல பையன். யார் மனசையும் நோகடிக்கத் தெரியாதவன். வாத்தியார் குரலை உயர்த்தியதும், "சரி சார், அப்ப மெதுவா ஓட்டுங்க," என்றுவிட்டான்.

வாத்தியாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னது, ஓட்டட்டுமா? வலிப்பு வந்தவன் வண்டிய எடுத்தா ரோட்டுல போறவன் கதி என்ன? ஒரு நோயாளி நாலு சத்தம் போட்டா சரின்னுடுவியா நீ? உறுதியா சொல்ல வேண்டாமா?"

"அப்ப ஓட்டாதீங்க சார்."

"அதெப்படி ஓட்டாம இருக்கறது? எனக்கு எல்லாம் தெரியும்."

பையன் பேராசிரியரைப் பரிதாபமாகப் பார்த்தான். பேராசிரியர் தாளை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்திருந்தார். தாள் ஆடிக்கொண்டிருந்தது.

அவன் போனதும் வாத்தியாரின் பையில் போன் துடித்தது. மனைவி. திரைக்குப் பின்னால் போய்க் குனிந்து நின்று எடுத்தார். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"குழந்தை உள்ள போயிட்டாளா?"

"போயிட்டா."

"நீங்க?"

"நான் உக்காந்திருக்கேன்." அதில் பொய் ஒன்றும் இல்லை.

"ஏன் குரல் கிணத்துக்குள்ளேர்ந்து வருது?"

"இங்க காத்து."

மெஷின் சத்தம் நின்றது. அது நின்றால் என்ன அர்த்தம் என்பது வாத்தியாருக்குக் கல்யாணமான நாளிலிருந்து தெரியும். போனை வைத்துவிட்டார்.

திரும்பும்போது கதவிடுக்கு வழியாக வெளியே பார்த்தார். நடையில் போட்டிருந்த பெஞ்சில் அவருடைய மகள் உட்கார்ந்திருந்தாள். அடுத்தது அவள்தான்.

இத்தனை அறை இருக்கும்போது அவள் ஏன் இங்கே வர வேண்டும்? கூப்பிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தால் அப்பா என்று தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால் அவள் எதைப் படிப்பாள்? உள்ளே வந்து அப்பா என்று கூப்பிட்டுவிட்டால் அத்தோடு எல்லாம் முடிந்தது. இரண்டு வருஷமாக அவள் படித்த படிப்பு. கொல்லைப்புற விளக்கடியில் உட்கார்ந்து, எலும்புகளின் பெயரை முணுமுணுத்தபடி அம்மாவுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்த பிள்ளை அது. போன வருஷம் காக்கை. இந்த வருஷம் அப்பா.

பேராசிரியர் தாளில் ஏதோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். வாத்தியாரின் கண் மேசைமேல் இருந்த கட்டுத் துணியில் விழுந்தது.

ஒரு சுருளை எடுத்துத் தலையில் சுற்ற ஆரம்பித்தார். நெற்றி, காது, கன்னம், மோவாய். போதாது என்று இன்னொரு சுருளையும் எடுத்தார். மூச்சுவிட ஒரு சந்தும் பார்க்க ஒரு சந்தும்தான் பாக்கி. அடையாள அட்டை அம்மா எட்டிப் பார்த்தார்.

"அடடே. வலிப்புல விழுந்து அடிபட்டுட்டீங்களா? பிரமாதம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கதவு திறந்தது. மகள் வந்தாள். முகத்தில் கண்ணாடி இருந்தது. பழைய கண்ணாடி, ஒரு பக்கக் காம்பில் நூல் சுற்றியது. பையில் அதையும் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் கெட்டிக்காரி. அப்படியானால் இந்தக் கூத்து எல்லாம் எதற்கு என்று வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டுக்குள் அழவும் இடம் இல்லை.

அவள் நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள். "வணக்கம்," என்றாள். கட்டுப் போட்ட தலையைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். பிறகு மெல்லக் குனிந்து அவருடைய வலது காலைப் பார்த்தாள்.

அந்தக் கால் தரையை ஓங்கி மிதித்துக்கொண்டிருந்தது.

அவள் ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தாள். எழுந்து நின்றாள்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும். இவர் என் அப்பா. இவர எனக்கு ஏற்கெனவே தெரியும், அதனால இவரோட பேசறதுக்கு எனக்கு மார்க் போட்டா அது சரியா இருக்காது. இவர் எப்படி இங்க வந்தார்னு எனக்குத் தெரியாது. ஆனா எதுக்கு வந்திருப்பார்னு தெரியும்."

வாத்தியாரின் உயிர் அப்படியே உள்ளங்காலுக்கு இறங்கிவிட்டது. பேராசிரியர் பேனாவை வைத்தார். நிதானமாக அவளைப் பார்த்தார்.

"தெரிஞ்சவங்களா இருந்தா சொல்லிடணும்னு விதி இருக்கு. சொல்லிட்டீங்க. உங்களுக்கு அடுத்த அறைல வேற ஆள் இருக்கார், அங்க போய்ப் பேசலாம். ஆனா மணி அடிக்கறவரைக்கும் நடுவுல எழுந்து போக முடியாது. அதுவரைக்கும் சும்மா உக்காந்திருங்க. நான் எதுவும் எழுதல."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். அப்பாவும் மகளும் எதிரெதிரே. பிறகு அவள் கையை நீட்டி, கட்டின் முனையைத் தேடிப் பிடித்து மெதுவாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"எங்க வலிக்குதுப்பா?"

"எங்கயும் இல்ல."

"பயமா இருக்கா?"

வாத்தியார் முதலில் இல்லை என்று சொல்லப் பார்த்தார். கட்டு மூக்குவரை இறங்கியிருந்தது, முகம் தெரிய ஆரம்பித்துவிட்டது. "ஆமா பாப்பா," என்றார். "உனக்குக் கிடைக்கலேன்னா என்னாலதான் கிடைக்கலேன்னு ஆயிடுமேன்னு பயம். அதான் எதையாவது செஞ்சுட்டே இருக்கேன். செய்யறது எல்லாம் உன் காலையே வாருது."

"போன தடவ காக்காவுக்காக நான் கோவப்படவே இல்லப்பா. நான் எழுதினது நல்லா இல்லேன்னு நீங்க நினைச்சீங்களே, அதுதான் கஷ்டமா இருந்துச்சு."

"நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் சும்மா இருக்கத் தெரியல."

"கொஞ்ச நாள் சும்மா இருந்து பாருங்க. நான் ஓட்டிக்கறேன். இடிச்சா நானே சொல்றேன்."

அந்த அறையில் அத்தனை பிள்ளைகள் சொல்லியும் கேட்காத நோயாளி அப்போது தலையை ஆட்டினார். அவள் துணியை ஒழுங்காகச் சுருட்டித் தட்டில் வைத்தாள். நல்ல கண்ணாடியை அவர் பையிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டாள். ஒரு புள்ளி இருந்திருக்க வேண்டும், தன் துப்பட்டாவால் தானே துடைத்துக்கொண்டாள். மணி அடித்தது. அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

வாத்தியார் பேராசிரியரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், அவ மேல தப்பில்ல. கிழிக்கறதா இருந்தா என்னைக் கிழிங்க."

"உங்க வேலை இன்னும் முடியல," என்றார் பேராசிரியர். "வெளிய பிள்ளைங்க காத்துட்டு இருக்காங்க. உக்காருங்க."

அப்படியே உட்கார்ந்து, மிச்சப் பிள்ளைகளிடமும் முடியாது முடியாது என்று சொல்லிவிட்டு, வெயில் சாய்ந்த பிறகு வெளியே வந்தார். வீட்டுக்குப் போனதும் மனைவி அவரைத் திருப்பி நிறுத்தினார். அவர் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த பஞ்சை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மகளைப் பார்த்தார். இரண்டு நாள் மெஷின் ஓடவே இல்லை.

ஆனால் இடம் கிடைத்தது. தேர்வானவர் பட்டியலில் மகள் பெயர் இருந்தது என்று தெரிந்ததும் வாத்தியார் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை. மனைவி கதவைத் தட்டி, "தண்ணி வீணாகுது, வெளிய வந்தே அழுங்க," என்றார். அவர் குரலும் அப்படி ஒன்றும் சரியாக இல்லை.

கல்லூரியில் சேரும் நாள் வந்தது. மகளும் அம்மாவும் பெட்டியும் படுக்கையுமாக உள்ளே போனார்கள். வாத்தியார் மட்டும் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார். மகள் திரும்பிப் பார்த்துக் கை அசைத்தாள். இவரும் அசைத்தார். கால் நகரவில்லை.

"ஏன் சார் நிக்கறீங்க? இன்னிக்கு எல்லாரும் போகலாம்," என்றார் மீசைக் காவலாளி.

"வேண்டாங்க. நான் இங்கயே இருக்கேன்." வாத்தியார் கொஞ்சம் தயங்கினார். மனசில் இருந்தது வாய்க்கு வந்துவிட்டது. "அன்னிக்கு நீங்க அந்தப் பக்கம் போன நேரத்துல நான் திருட்டுத்தனமா உள்ள நுழைஞ்சுட்டேன். நடிக்க வந்தவர்னு சொல்லி ஏமாத்திட்டேன். நிஜமா வர வேண்டிய நடிகர் வந்து திரும்பிப் போயிருப்பார், பாவம். உங்களுக்கு அதனால ஏதும் பேச்சு வந்துச்சா?"

"பேச்சு வந்துச்சு சார்," என்றார் காவலாளி. "நாங்க நடிகர்னு யாரையும் கூப்பிடறதே இல்ல, வருஷா வருஷம் யாராவது ஒரு அப்பா எப்படியும் உள்ள பூந்துடுவார். இந்தத் தடவ நீங்க கொஞ்சம் லேட்டு, மேடம் ரெண்டு தரம் வந்து என்னைச் சத்தம் போட்டுட்டுப் போனாங்க."